பாஸ் ட்வீட்: ஊழலும் ஏழைகளின் வாக்கும்

வில்லியம் ட்வீட் 1823இல் நியூயார்க்கில், நாற்காலி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் பெற்ற செல்வாக்கு அவரை அரசியலுக்கு இட்டுச் சென்றது. ஜனநாயகக் கட்சியின் நகர அமைப்பான டாமனி ஹாலின் தலைமை 1863இல் அவர் கைக்கு வந்தது.

அயர்லாந்துப் பஞ்சத்திற்குத் தப்பி வந்த ஏழைகளை அந்நகரின் மேட்டுக்குடியினர் இழிவாக நடத்தினர். டாமனியோ அவர்களுக்கு வேலையும் குளிர்கால நிலக்கரியும் தந்தது. 1868 தேர்தலுக்கு முன் ஆயிரக்கணக்கானோருக்கு அவசரமாகக் குடியுரிமையும் பெற்றுத் தந்தது. கைம்மாறாகக் கேட்டது வாக்கு.

அவ்வாக்குகளால் கிடைத்த அதிகாரம் கருவூலத்தைச் சூறையாடியது. ஒப்பந்தக்காரர்களின் பொய்க் கணக்குகளால், நீதிமன்றக் கட்டடம் ஒன்றுக்கே ஒரு கோடி டாலருக்கு மேல் செலவானது. 1871இல் நியூயார்க் டைம்ஸ் இதனை அம்பலப்படுத்தியது. 1873இல் அதே கட்டடத்தில் ட்வீட் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். பன்னிரண்டாண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் ஓராண்டாகக் குறைந்தது. பணத்தை மீட்க அரசு தொடுத்த வழக்கில் மீண்டும் சிறைப்பட்டார். ஸ்பெயினுக்குத் தப்பியும் பிடிபட்டு, 1878இல் சிறையிலேயே இறந்தார்.

அவர் வீழ்ச்சியைவிட அதன்பின் நிகழ்ந்ததே நாம் கவனிக்க வேண்டியது. ஆளுநர் டில்டன் அமைத்த குழு, நகர நிதியை ஆளும் வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் வாக்கைச் சொத்துடையோருக்கும் கணிசமான வாடகை செலுத்துவோருக்கும் மட்டும் அளிக்குமாறு 1877இல் பரிந்துரைத்தது. கொள்ளையில் பங்கு பெறாத ஏழைகளே தண்டிக்கப்பட இருந்தனர். அத்திட்டம் சட்டமாகவில்லை.

உரிமையாகக் கிடைக்க வேண்டியதைத் தலைவனின் தயவாகப் பெறும்வரை, ஏழையின் வாக்கு விலைபேசப்படும். அந்த விலையைக் காட்டியே வாக்கைப் பறிக்க முனைவோரும் வருவர். இரண்டையும் எதிர்ப்பதே நம் கடமை.