விஞ்ஞானமும் தமிழும் வளர்த்த விபுலானந்த அடிகளார்

எமது கல்லூரியின் பழைய சஞ்சிகைகளைப் புரட்டினால் மாணவியர் எழுதிய கட்டுரைகளே அதிகம் கண்ணிற்படும். இலக்கியம், சுகாதாரம், உளவியல், வரலாறு, சமூகப் பிரச்சினைகள் என்று நாம் எழுதாத விடயமில்லை. சிலப்பதிகாரத்தைப் பற்றி எழுதிய அதே கையால் நுளம்பு பரப்பும் நோய்களைப் பற்றியும் எழுதினோம். இரண்டையும் தமிழிலேயே எழுதினோம். அது அன்று எமக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஆனால் விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல இயலுமா என்று படித்தவர்களே ஐயுற்ற காலம் ஒன்று இருந்தது. இயலும் என்று காட்டியவர்களுள் முன்னின்றவர் எமது கிழக்கு மாகாணம் ஈன்ற சுவாமி விபுலானந்தர். இந்த நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூர்வது எமது கடமை.

அடிகளார் 1892ஆம் ஆண்டு காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் புதல்வராகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்று, 16 வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்ற பின், அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவும் கிடைத்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் கிடைத்தது. இலங்கையிலிருந்து அப்பட்டத்தை முதலிற் பெற்றவர் அவரே. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

உத்தியோகமும் மதிப்பும் கைகூடி வந்த வேளையில், 1922இல் அனைத்தையும் விட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் நாமம் பெற்றார். துறவு அவரை வகுப்பறையிலிருந்து பிரிக்கவில்லை. நாடு திரும்பி இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். எமது நகரின் இந்துக் கல்லூரிக்கும் அதிபராக இருந்து பணியாற்றினார். பிரித்தானியக் கடற்படையின் துறைமுகப் பட்டினமாக விளங்கிய அன்றைய திருகோணமலையில் ஆங்கிலம் அறிந்தவருக்கே உத்தியோகம். அடிகளார் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை மறுக்கவில்லை. அதற்காகத் தமிழைக் கைவிடவும் விடவில்லை. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். பிறந்த ஊரிற் பெண் பிள்ளைகளுக்கெனச் சாரதா வித்தியாலயம் எழுந்ததும் அவர் முயற்சியாலேயே.

1926இல் வெளியான மதங்க சூளாமணி என்னும் நூலில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு சேர்த்து ஆராய்ந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். பாரதியாரைப் புலவராக ஏற்கப் பண்டிதர் பலர் தயங்கிய நாளில், அங்கே பாரதி பாடல்களைக் கற்பதற்கென ஒரு கழகம் அமைத்தார். மாலைகளிற் பக்கத்துச் சேரிக்குச் சென்று ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியர் பதவியும் சேரித் திண்ணையும் அவருக்கு ஒரே பணியின் இரு இடங்கள்.

1936இற் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். விஞ்ஞானமும் தெரிந்து, சங்க இலக்கியமும் தெரிந்த ஒருவர் அந்தப் பணிக்குக் கிடைத்தது தமிழின் நற்பேறு. பல துறைகளின் சொற்களுக்குத் தமிழ் வடிவம் காணும் முயற்சி அங்கே உரம் பெற்றது. பிற்காலத்தில் நாம் உயிரியலையும் இரசாயனத்தையும் உயர்தர வகுப்புவரை தமிழிற் கற்றோமென்றால், அதற்கான பாதையை வெட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

அந்தப் பாதையின் அருமை எமக்குப் பிந்தியே புரிந்தது. மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்திற் படித்து வெளியேறியபோது நோய்களின் பெயர் தெரிந்தது. அவற்றை நோயாளருக்குச் சொல்லும் மொழி கைநழுவியிருந்தது. மூதூர்ப் பக்கத்திலிருந்து கிளினிக்குக்கு வந்த ஒரு தாயாரிடம், அவருடைய சீனி வருத்தம் கொன்ட்ரோலுக்கு வந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொன்னோம். வருத்தம் மாறிவிட்டது என்று விளங்கிக்கொண்டு அவர் குளிசைகளை நிறுத்திவிட்டார். சில மாதங்களின் பின் காலில் ஆறாத புண்ணோடு வந்தார். பிழை அவருடையதன்று, எங்களுடையது. தோணியில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் மீண்டும் ஏறிவிடும் என்று அன்று சொன்னபோது அவருக்கு உடனே விளங்கியது. பாடசாலைக் கட்டுரைகளில் எழுதிப் பழகிய எளிய தமிழைத் தேடி நாம் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

அடிகளாரின் இறுதிப் பெரும்பணி யாழ் நூல். வழக்கொழிந்துபோன யாழ்களின் இசையை மீட்க, சிலப்பதிகாரத்தையும் ஒலி பற்றிய பௌதிகத்தையும் கணிதத்தையும் ஒருங்கே வைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார். 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகக் கடமையாற்றியபடியே அதனை நிறைவுசெய்தார். 1947 யூன் மாதத்தில் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நூல் அரங்கேறியது. ஆறு வாரங்களில், யூலை 19ஆந் திகதி, கொழும்பில் அடிகளார் இறையடி சேர்ந்தார். அவர் கட்டிய சிவானந்த வித்தியாலயத்தின் முன்பாகவே அவரது சமாதி அமைந்துள்ளது.

இன்று இக்கல்லூரியிற் பயிலும் எமது தங்கையரிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரைப் போட்டிக்கு எழுதும்போது பரிசை மட்டும் எண்ணாதீர்கள். நீங்கள் எழுதியதை வீட்டிலுள்ள அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் முகம் சுருங்குகிறதோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். நாளை நீங்கள் மருத்துவராகலாம், சட்டத்தரணியாகலாம், ஆசிரியையாகலாம். உங்களை நம்பி வருபவருக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தால், அடிகளார் திருகோணமலையில் ஆற்றிய பணி தொடர்கிறது என்று நாம் மகிழ்வோம்.