தென்பெண்ணைக் கரையில் ஹைதர் அலி

'பிரிட்டானியா' சீரிஸ் பார்த்திருக்கீங்களா? கி.பி. 43ல் ரோமானியப் படை பிரிட்டன்ல இறங்குது. அங்கே வாழ்ந்த கெல்டிக் இனக்குழுக்கள் எதிர்த்து நிக்கிறாங்க. அதுல வர்ற மந்திரம், சாபம் எல்லாம் கதைக்காகச் சேர்த்தது, ஆனா படையெடுப்பு நிஜம். 1,700 வருஷம் கழிச்சு அதே பிரிட்டன்ல இருந்து வந்த கம்பெனி, நம்ம கிருஷ்ணகிரி பக்கத்துல இருக்கிற காவேரிப்பட்டினம் கோட்டையைப் பிடிச்சது. எதிர்த்து நின்னவர் ஹைதர் அலி.

அவர் பிறந்தது கோலார் பக்கம் பூதிக்கோட்டையில், 1720 வாக்கில். அப்பா ஒரு படைவீரர். ஹைதர் சின்னப் பையனா இருக்கும்போதே அப்பா போரில் இறந்துட்டார். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா ஞாபக சக்தி அபாரம். 1749ல் தேவனஹள்ளி முற்றுகையில் பேர் வாங்கினார். 1755ல் திண்டுக்கல் ஃபௌஜ்தார் ஆனார். அங்கே பிரெஞ்சுக்காரர்களை வச்சு ஆயுதச்சாலை அமைச்சார். 1761ல் மைசூர் ஆட்சியே அவர் கைக்கு வந்தது. உடையார் மன்னர் பேருக்கு மட்டும் அரியணையில் இருந்தார்.

1767ல் கம்பெனிப் படை காவேரிப்பட்டினத்தைப் பிடிச்சுட்டு, கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை முற்றுகை போட்டது. அந்த வருஷம் மலைக்கோட்டை விழலை. அதே வருஷம் ஹைதர் மலைக்கணவாய் வழியா இறங்கி வந்து காவேரிப்பட்டினத்தைத் திரும்பப் பிடிச்சார். 1769ல் சென்னை வாசலுக்கே போய் நின்னு, கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தார். யாராவது தாக்கினா ஒருத்தருக்கொருத்தர் உதவணும்னு ஒப்பந்தம். ஆனா மராத்தியர் மைசூரைத் தாக்கினப்போ கம்பெனி உதவிக்கு வரலை. அந்தக் கோபம் அவருக்குக் கடைசி வரைக்கும் ஆறலை.

1780ல் பெரும்படையோட திரும்ப வந்தார். செப்டம்பர் 10 அன்னிக்கு காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனிக்குப் பெரிய தோல்வி. மைசூர் ராக்கெட்டுகளும் அந்தப் போரில் பறந்தன. மூங்கில் குழாய் உயர் அழுத்தத்தில் வெடிச்சுடும், இரும்புக் குழாய் தாங்கும். அதனால ராக்கெட் இன்னும் தூரம் போகும். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

ஆனா அவரை முழு ஹீரோ ஆக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. பாராமகால்னு சொல்ற நம்ம பகுதி மைசூர் கைக்கு வந்ததே படையெடுப்பில்தான். 1780ல் கம்பெனிக்கு உணவு கிடைக்கக் கூடாதுன்னு, சென்னையைச் சுத்தி இருந்த கிராமங்களை அவர் படை எரிச்சது. எதிர்ப்பக்கம் கம்பெனிப் படையில் இருந்த சிப்பாய்களில் பெரும்பாலானவர்களும் இந்த மண்ணின் ஆட்கள்தான். ஆக, ரெண்டு பக்கமும் செத்தது நம்ம ஜனம்.

1781ல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோத்தார். 1782 டிசம்பர் 7ல் சித்தூர் பக்கம் போர் முகாமிலேயே, முதுகில் வந்த கட்டியால் இறந்தார். மகன் திப்பு அப்போ மலபார் கரையில் இருந்ததால, அவர் வர்ற வரைக்கும் சாவை ரகசியமா வச்சாங்க. பத்து வருஷத்துல, 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கைப்படி, பாராமகால் கம்பெனிக்கே போயிடுச்சு.

சீரிஸ்ல யார் பக்கம் நிக்கணும்னு கேமரா சொல்லிடும். ஆனா 1767ல் ஒரே வருஷத்துல ரெண்டு படையைப் பார்த்த காவேரிப்பட்டினத்து விவசாயிக்கு யார் படையெடுத்தவன், யார் காப்பாத்தினவன்? அடுத்த தடவை கிருஷ்ணகிரி–தருமபுரி ரோட்டுல பஸ்ஸுல போகும்போது, அந்த ஊரைப் பார்த்து நீங்களே யோசிச்சுப் பாருங்க.