டாக்டர் சௌந்தரம் அம்மையார்

பலாத்காரத்திற்கு இரையான பெண்ணொருத்திக்கு நமது சமூகம் செய்துவந்த உபகாரம் யாது? குற்றவாளியைத் தண்டிக்க 1860-ஆம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு இருந்தது. அதை விரித்து வாதாட எம்போன்ற வக்கீல்களும் இருந்தோம். அவள் காயத்துக்கு மருந்திடுவோர் யார், வீட்டார் கதவடைத்தால் அன்றிரவு அவள் தங்குவது எங்கே, மறுநாள் முதல் அவளுக்குச் சோறு ஏது என்ற கேள்விகளுக்கு அச்சட்டத்தில் ஒரு விதியும் இல்லை. கோர்ட்டுக்கு அவள் ஒரு சாட்சி, அவ்வளவே. சட்டம் மறந்த இக்கேள்விகளுக்குத் திண்டுக்கல் சமவெளியிலே விடை தேடிய மாதரசி ஒருவரின் வரலாற்றை இன்று நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

டி. வி. சுந்தரம் ஐயங்காரின் பெயரை அறியாத தமிழர் இலர். அவருடைய குமாரியாக 1904-ல் பிறந்தார் சௌந்தரம். அக்கால வழக்கப்படி பால்யத்திலேயே விவாகம் நடந்தது. டாக்டராயிருந்த கணவர் இளமையிலேயே காலமானார். விதவையை மூலையில் அமர்த்தும் சம்பிரதாயம் செல்வர் இல்லங்களையும் விட்டுவைத்ததில்லை. சௌந்தரமோ பெற்றோரின் துணையோடு டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் சேர்ந்து, 1936-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். அங்கே உடன் பயின்ற சுசீலா நய்யாரின் மூலம் காந்தியடிகளிடம் பழக்கம் ஏற்பட்டது. 1940-ல் அடிகளின் ஆசியுடன் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் புரிந்தார். விதவா விவாகத்தை மேடையில் ஆதரித்து, தம் வீட்டில் எதிர்த்த தேசபக்தர்கள் அநேகர் உலவிய காலம் அது!

சுதந்திரம் கிடைத்த 1947-ஆம் வருஷத்திலேயே, பட்டணத்து வைத்தியத்தில் வரக்கூடிய வருமானத்தை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, சிறுமலையின் அடிவாரத்தில், நெசவாளர் நிறைந்த சின்னாளபட்டிக்கு அருகே தம்பதிகள் காந்திகிராமத்தை நிறுவினர். முதலில் இருந்தது ஒரு சிறு வைத்திய விடுதி. அதுவே கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஆஸ்பத்திரி கட்டிய தனவான்கள் நம் நாட்டில் பலர். அதன் பக்கத்திலேயே ஆதரவற்ற பெண்களுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் இல்லம் வேண்டும், இல்லத்தோடு படிப்பும் கைத்தொழிலும் சேர வேண்டும் என்று கண்டவர் மிகச் சிலரே. காயம் ஆறிய பெண், போக்கிடமின்றி, தன்னைக் கெடுத்தவனின் வாசலிலேயே போய் நிற்க நேருமாயின் அந்த வைத்தியத்தால் பயன் என்ன? ஆதரவற்றவள் என்னும் ஒரு சொல்லுக்குள், வாய்விட்டுச் சொல்லவொண்ணாத வரலாறுகள் எத்தனை அடங்கியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அம்மையார் 1952-ல் ஆத்தூரிலிருந்தும் 1957-ல் வேடசந்தூரிலிருந்தும் சட்டசபைக்குச் சென்றார். 1962-ல் திண்டுக்கல் பார்லிமெண்டு அங்கத்தினராகி, மத்திய சர்க்காரில் கல்வி உபமந்திரியாக விளங்கினார். 1967 தேர்தலில் தோற்றார். பதவி போன பின்னும் காந்திகிராமம் இருந்தது.

சட்டமோ ஆமை வேகத்தில் ஊர்ந்தது. மகாராஷ்டிரத்தில், போலீஸ் ஸ்டேஷனிலேயே மானபங்கம் செய்யப்பட்ட ஆதிவாசிப் பெண்ணின் வழக்கில், 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு போலீஸ்காரர் இருவரை விடுதலை செய்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பயனாக 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த வருஷம் அம்மையார் மறைந்தார். மதுரை ஜில்லாவிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி ஜில்லாவானதுகூட அதற்குப் பின்னரே.

2012 டிசம்பரில் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகுதான், இத்தகைய பெண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரியும் உடனே இலவசமாகச் சிகிச்சை அளித்தாக வேண்டும், மறுத்தால் ஓராண்டு வரை சிறை என்னும் விதி 2013-ல் பிறந்தது. வைத்தியம், போலீஸ் உதவி, வக்கீல் யோசனை, தற்காலிகத் தங்குமிடம் யாவும் ஓரிடத்திலேயே கிடைக்குமாறு மையங்கள் அமைக்கும் திட்டம் 2015-ல் வந்தது. சின்னாளபட்டிக்கு அருகே வைத்தியமும் இல்லமும் கைகோத்த முயற்சி தொடங்கி அப்போது 68 வருஷங்கள் ஆகியிருந்தன.

நத்தத்திலும் வேடசந்தூரிலும் கொடியேற்றிக் கூட்டம் நடத்தும் ஊழியர்களுள், 181 என்ற டெலிபோன் எண்ணைக் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிவைத்தவர் எத்தனை பேர்? கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைத்து, விவகாரம் தீர்ந்ததென்று துண்டை உதறி எழும் பெரியமனிதர்களுக்கும் ஒன்று தெரிவிக்கிறோம். பலாத்கார வழக்கில் சமரசத்துக்கு இடமே இல்லையென்று அதே 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது.