ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத இன்ஜின்... நடுக்கடலில் காணாமல் போன ருடால்ஃப் டீசல்! யார் இவர்?

டீசல் என்றால் நமக்கு பங்க்கில் போடுற எண்ணெய்தான் ஞாபகம் வரும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். 1858-ல் பாரிஸில் ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்தவர் ருடால்ஃப் டீசல். 1870-ல் போர் வெடித்ததும் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. 12 வயசுப் பையனை மட்டும் படிக்க ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள்.

நீராவி இன்ஜின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணடிப்பது அவரை உறுத்தியது. காற்றை பலமாக அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுமே, அதே கதைதான். அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் பிளக் தேவையில்லை. 1893 சோதனையில் இன்ஜினில் பொருத்திய அளவுமானி வெடித்துச் சிதறியது. ஆனாலும் விடவில்லை. 1897-ல் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டினார்.

சிக்கலும் அங்கேயேதான். இன்ஜின் சுற்றினால்தான் காற்று அழுந்தும், அழுந்தினால்தான் சூடு. அப்போ முதல் சுற்றை யார் சுற்றுவது? தொட்டியில் அடைத்து வைத்த அழுத்தக் காற்றைத் திறந்துவிட்டார்கள். அது பிஸ்டனைத் தள்ளும். வேகம் பிடித்ததும் எண்ணெய் உள்ளே போகும்.

கப்பலில் இதைவிடப் பெரிய தலைவலி, பின்னால் போவது. நீராவி இன்ஜினில் லிவரை மாற்றினால் போதும். 1903-ல் ரஷ்யாவின் வால்கா நதியில் ஓடிய வண்டால் கப்பலில் டீசல் இன்ஜின் ஒரே பக்கம்தான் சுற்றியது. அதனால் அதை வைத்து கரண்ட் எடுத்து, மோட்டாரால் விசிறியைச் சுழற்றினார்கள். சுத்தி வளைச்ச வேலை!

பிறகு வந்த தீர்வு எளிமையானது. வால்வைத் தூக்கிவிடும் மேடுதான் கேம். ஒவ்வொரு வால்வுக்கும் அருகருகே இரண்டு கேம் வைத்தார்கள்: ஒன்று முன்னால் போக, ஒன்று பின்னால் போக. இன்ஜினை நிறுத்தி, கேம் ஷாஃப்ட்டை நீளவாக்கில் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி காற்றைத் திறந்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் பண்ணவும் காற்று செலவாகும் என்பதால், துறைமுகத்துக்குள் நுழையும்போது தொட்டியைக் காலியாக விடக் கூடாது.

1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா, புகைபோக்கியே இல்லாமல் டீசல் இன்ஜினில் பாங்காக் வரை போய் அசத்தியது. ஆனால் டீசலோ கடனில் மூழ்கிக் கிடந்தார். 1913 செப்டம்பர் 29 இரவு, பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்து போகும் டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். காலையில் அறை காலி. சில நாள் கழித்து கடலில் மிதந்த ஒரு உடலிலிருந்து எடுத்த பொருட்களை, அப்பாவுடையதுதான் என்று மகன் அடையாளம் காட்டினார்.