அண்ணல் அம்பேத்கரும் மாணவர் தோழமையும்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அண்ணல் அம்பேத்கரைப் பற்றி இம்மலரில் எழுதுமாறு நாம் பணிக்கப்பட்டோம். அண்ணலின் வரலாற்றை அறியாதார் நம்மில் எவருமிலர். அரசியல் சட்டம் வகுத்தவர், மகத் குளத்தில் நீர் அள்ளியவர், இறுதியில் பௌத்தம் தழுவியவர் என்பதெல்லாம் நம் சிறுவரும் சொல்லக் கூடியவை. ஆதலின் அவற்றை மீண்டும் அடுக்காமல், அவர் மாணவராய் வாழ்ந்த விடுதிகளையும், அவருடன் உண்டு உறைந்த தோழர்களையும் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

காரணம் உண்டு. விருத்தாசலத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் உயர்கல்வி நாடி வெளியூர் செல்கின்றனர். சிலர் சிதம்பரத்துக்கு, சிலர் சென்னைக்கு, அண்மைக் காலத்தில் சிலர் கடல் கடந்தும் செல்கின்றனர். பாடத்தை எண்ணி அஞ்சுவோரைக் காட்டிலும், விடுதியில் எவருடன் அறையைப் பகிர்வது, ஊரையும் தெருவையும் கேட்டால் என்ன விடை சொல்வது என்று எண்ணி அஞ்சுவோரே அவர்களுள் மிகுதி. நாம் அறிந்த மாணவர் ஒருவர், ஒரு கல்லூரி விடுதியில் தம் தெருவின் பெயரை மாற்றிச் சொல்லியே மூன்றாண்டையும் கழித்துவிட்டு வந்தார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது பின்னால் விளங்கும்.

நம்முடையது மண்ணைச் சுட்டுப் பிழைக்கும் ஊர். பீங்கான் தொழிற்பேட்டைச் சூளையில் வெந்து வெளிவரும் பொம்மைக்குத் தீட்டு உண்டென்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. அண்ணலின் வாழ்விலோ தண்ணீரும் தண்ணீர்ப் பானையும் இளமை முதலே வழி மறித்து நின்றன. 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் மௌ என்னும் படைமுகாமில் பிறந்த பீமராவ், சதாராவில் பள்ளியில் படித்தபோது மற்றப் பிள்ளைகளுடன் அமர விடப்படவில்லை. வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணித் துண்டை விரித்துத் தனியே அமர்ந்தார். மாலையில் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். தாகம் எடுத்தால் பள்ளிச் சேவகன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். சேவகன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. தந்தையார் ராம்ஜி பட்டாளத்தில் சுபேதார் பதவி வகித்தவர். அந்த மதிப்பு குழாயடியில் செல்லுபடியாகவில்லை.

பம்பாயில் குடியேறிய பின்னர் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்க, எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். முல்லர் என்னும் பேராசிரியர் நூல்களும் உடைகளும் தந்து உதவினார். ஆயினும் கல்லூரிச் சிற்றுண்டிக் கடைக்காரர் அவருக்குத் தேநீரோ தண்ணீரோ கொடுக்கவில்லை. அக்கல்லூரியில் அவருக்கு அறிவு கிடைத்தது. நண்பர்களோடு கூடி அமர்ந்து பேச ஒரு மேசை கிடைக்கவில்லை.

அந்த மேசை அவருக்கு 1913 ஜூலைத் திங்களில் நியூயார்க் நகரில் கிடைத்தது. மீண்டும் பரோடா மன்னரின் உதவியைக் கொண்டு கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அவருக்கு அப்போது வயது 22. முதலில் ஹார்ட்லி மண்டபம் என்னும் பல்கலைக்கழக விடுதியில் தங்கினார். உணவு ஒவ்வாமையால் சில நாட்களில் அதை விட்டு, 114ஆம் தெருவிலிருந்த காஸ்மோபாலிட்டன் கிளப்பிற்குச் சென்றார். அங்கே இந்திய மாணவர் சிலரும் தங்கியிருந்தனர். அதன் பிறகு லிவிங்ஸ்டன் மண்டபத்தில் நவல் பத்தேனா என்னும் பார்சி இளைஞருடன் வசித்தார். இந்தப் பெயரை இளைஞர்கள் நினைவில் வைத்துக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவர் சங்கங்களைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். 1776இல் வர்ஜீனியாவின் வில்லியம் மேரி கல்லூரியில் பை பீட்டா காப்பா என்னும் சங்கம் தோன்றியது. அதைத் தொடர்ந்து கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட பல சங்கங்கள் எழுந்தன. அவற்றைச் சகோதரக் கழகங்கள் எனலாம். அவற்றில் சேர விண்ணப்பித்தால் போதாது. பழைய உறுப்பினர்கள் விரும்பி அழைக்க வேண்டும். புகுமுகச் சடங்கு உண்டு, இரகசிய அடையாளங்கள் உண்டு, பலவற்றுக்குத் தனி மனையும் உண்டு. படிப்பு முடிந்து பல்லாண்டு கழிந்த பின்பும் ஒருவருக்கொருவர் வேலையிலும் வாணிபத்திலும் கைதூக்கி விடுவர். ஆனால் அந்த வாயில்கள் கறுப்பின மாணவர்களுக்குப் பெரும்பாலும் அடைத்தே கிடந்தன. ஆகவே 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள் எழுவர் தமக்கென ஆல்பா ஃபை ஆல்பா என்னும் சங்கத்தை நிறுவிக் கொண்டனர். சகோதரர் என்று பெயர் சூட்டிக்கொண்டே சாதி வளர்க்கலாம் என்பதற்கு நாம் அமெரிக்கா வரை செல்லத் தேவையில்லை; எனினும் அங்கும் அதுவே நிகழ்ந்தது.

காஸ்மோபாலிட்டன் கிளப் வேறு வகையானது. பல நாட்டு மாணவர்களும் ஒன்றுகூடிப் பழகுவதற்கென்று அக்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தோன்றிய சங்கங்களுள் அதுவும் ஒன்று. குலம் கேட்டு இலை போடும் வழக்கம் அங்கில்லை. கோணித் துண்டைச் சுமந்து பள்ளி சென்றவர், அந்த மேசையில் எல்லோரையும் போல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அயல்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவே தம் மனத்திலிருந்து அழிந்து போயிற்று என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார்.

கிடைத்த சங்கங்களில் எல்லாம் அவர் சேர்ந்துவிடவில்லை. அப்போது அமெரிக்காவில் தங்கியிருந்த லாலா லஜபதி ராய் அவரைத் தம் அரசியல் இயக்கத்தில் சேர்க்க முயன்றார். படிக்க வந்த இடத்தில் படிப்பதே தம் கடமை என்று கருதி அண்ணல் ஒதுங்கிக் கொண்டார். நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் படித்தார் என்பர். செலிக்மனிடம் பொருளாதாரமும், ஜான் டூயியிடம் தத்துவமும் பயின்றார். மனிதர் தம் அனுபவங்களைப் பகிர்ந்து கூடி வாழும் முறையே குடியாட்சி என்னும் டூயியின் கருத்து அவர் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது. 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9ஆம் நாள் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஒரு வகுப்பார் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டு வேலியிட்டுக் கொண்டதே சாதியின் பிறப்பு என்று அதில் நிறுவினார். சகோதரக் கழகங்களின் மூடிய வாயில்கள் நிறைந்த நாட்டில் இக்கட்டுரை படிக்கப்பட்டது என்பது நம் சிந்தனைக்குரியது.

அதே ஆண்டில் இலண்டன் சென்று, பொருளாதாரக் கல்லூரியிலும் கிரேஸ் இன் என்னும் வழக்கறிஞர் கழகத்திலும் சேர்ந்தார். பாரிஸ்டர் ஆவதற்குத் தேர்வு மட்டும் போதாது. கழகத்தின் உறுப்பினராகி, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான விருந்துகளில் பொதுக்கூடத்தில் மற்றவருடன் அமர்ந்து உண்டாக வேண்டும். நம் நாட்டில் அவருடன் உண்ணுதலே குற்றமாக இருந்தது. அங்கே உடனுண்ணாவிடில் பட்டமே இல்லை!

1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு இந்தியா திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணியேற்க வேண்டும். மன்னரின் படைத்துறைச் செயலாளர் பதவி காத்திருந்தது. தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. இந்து விடுதி எதுவும் அவரை ஏற்காது என்பதை உணர்ந்து, பார்சிகளின் சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். மாடியறையில் வேறு எவருமில்லை, மின்விளக்கும் இல்லை. பதினொன்றாம் நாள் காலை அலுவலகம் புறப்படும் வேளையில், பார்சிகள் பன்னிருவர் கையில் தடியுடன் வந்து அவரைச் சூழ்ந்து கொண்டனர். மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டினர். அவர் நண்பர் இருவரை நாடினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி இடமளிக்கவில்லை. கொலம்பியாவில் பயின்ற அந்த அறிஞர் பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்து, இரவு வண்டியேறிப் பம்பாய் திரும்பினார். பெயர் மாற்றித் தங்கியதை அவர் மறைக்கவுமில்லை, அதற்கு நாணவுமில்லை; அந்நிலைக்குத் தம்மைத் தள்ளியவர்களைப் பற்றியே எழுதினார். தெருப் பெயரை மாற்றிச் சொன்ன நம் மாணவரைக் குறை கூற மனம் வராதது இதனால்தான்.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். மாணவர் திரண்டு வந்து கேட்டனர். உடன் பணியாற்றிய பேராசிரியர் சிலரோ, ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாதென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். மீண்டும் அதே பானை! ஆயினும் அங்கு ஊதியத்தை மிச்சப்படுத்தி, 1920இல் விட்ட படிப்பைத் தொடர இலண்டன் புறப்பட்டார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். போதாத பணத்துக்கு 5,000 ரூபாய் கடன் கொடுத்தவர் நவல் பத்தேனா.

நாம் நினைவில் வைக்கச் சொன்ன பெயர் இதுவே. பரோடாவில் தடியெடுத்து வந்தவர்களும் பார்சிகள். பம்பாயில் பணமெடுத்துக் கொடுத்தவரும் பார்சி. இருசாராரும் ஒரே மதத்தினர். பத்தேனாவோ அவருடன் ஒரே விடுதியில் உறைந்தவர். அவர் இரவில் விளக்கெரியப் படித்ததைக் கண்டவர். சத்திரத்துக்கு வந்தவர்கள் ஒரு பெயரையும் ஒரு சாதியையும் மட்டுமே கண்டனர். பல சொற்பொழிவுகள் செய்ய முடியாததை ஒரு விடுதி வாழ்வு செய்து முடித்தது என்றே நாம் கருதுகிறோம்.

அண்ணல் பொதுவாழ்வில் இறங்கியதும் விடுதி அமைப்பதில் முனைந்தது தற்செயலன்று. 1924இல் அவர் தொடங்கிய ஒடுக்கப்பட்டோர் நல்வாழ்வுச் சபை, 1925 சனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. நம் பகுதியிலும் சுவாமி சகஜானந்தர் 1916இலேயே சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் நிறுவி, நம் பிள்ளைகளின் படிப்புக்கு வழி செய்திருந்தார். மக்கள் கல்விக் கழகம் என்ற அமைப்பை அண்ணல் 1945இல் நிறுவினார். மறு ஆண்டே அதன் சார்பில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தோன்றியது. 1950இல் அவுரங்காபாத்தில், பின்னாளில் மிலிந்த் எனப் பெயர் பெற்ற கல்லூரி எழுந்தது. இக்கல்லூரிகளை அவர் நம்மவர்க்கு மட்டும் என்று அடைத்து வைக்கவில்லை. எல்லா வகுப்பு மாணவரும் சேரலாம் என்றார். வெளியே நிறுத்தப்பட்டவர் கட்டிய மனையில் வாயில் திறந்தே இருந்தது.

1948 பிப்ரவரியில் அவர் தலைமையிலான வரைவுக் குழு, அரசியல் சட்டத்தின் முகவுரையில் சகோதரத்துவம் என்னும் சொல்லைச் சேர்த்தது. அரசியல் நிர்ணய சபை முன்பு நிறைவேற்றிய குறிக்கோள் தீர்மானத்தில் அச்சொல் இல்லை. அது இல்லையேல் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் காவலர் துணை கொண்டே காக்க நேரும் என்னும் கருத்தை 1949 நவம்பர் 25ஆம் நாள் சபையில் விளக்கினார். சட்டத்தில் எழுதினால் வந்துவிடக் கூடியதாக அவர் அதைக் கருதவில்லை. பூங்காவில் அமர்ந்திருந்த அந்த மாலையை மறந்தவராக அவரை நம்மால் எண்ண இயலவில்லை.

1952 ஜூன் 5ஆம் நாள் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்குச் சட்டத்துறையில் மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. உடல் நலம் குன்றிய நிலையிலும் பயணம் மேற்கொண்டார். ஆசிரியர் ஜான் டூயியைக் காணவேண்டும் என்பது அவர் பேராவல். அவர் வழியில் இருக்கும்போதே, ஜூன் 1ஆம் நாள், டூயி தமது 92ஆம் வயதில் காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணலும் டெல்லியில் மறைந்தார். அவரும் பத்தேனாவும் வசித்த லிவிங்ஸ்டன் மண்டபம், வாலக் மண்டபம் என்ற பெயருடன் இன்றும் மாணவர் விடுதியாகவே இருந்து வருகிறது.