காற்றுப் போனால் நிற்கும் ரயில்!

ரயிலில் அபாயச் சங்கிலியைப் பார்த்திருப்பீர்கள், குழந்தைகளே! (சும்மா இழுத்தால் அபராதம்!) அதை இழுத்ததும், அடியில் ஓடும் பிரேக் குழாயிலிருந்து காற்று வெளியேறும். காற்றுப் போனால் பிரேக்கும் போய்விடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, அப்போதுதான் பிரேக் பிடிக்கும்! இப்படித் தலைகீழாக யோசித்தவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1846-ல் பிறந்தார். அப்பா விவசாய இயந்திரங்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஜார்ஜ் வேலை பழகியது அங்கேதான்.

அந்தக் காலத்தில் ரயிலை நிறுத்துவது லேசான காரியமல்ல. ஊழியர்கள் ஓடும் பெட்டிகளின் கூரைமேல் ஏறி, பெட்டி பெட்டியாகத் தாவி, கையால் பிரேக்கைத் திருகவேண்டும். மழையிலும் பனியிலும்கூட! தவறி விழுந்து இறந்தவர்கள் பலர். ஒருநாள், இரண்டு சரக்கு ரயில்கள் மோதிக் கிடந்ததை ஜார்ஜ் பார்த்தார். எதிரே ரயில் வருவது தெரிந்தும் டிரைவர்களால் நிறுத்த முடியவில்லையாம்.

1869-ல், தன் 22-வது வயதில், காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து குழாய்வழியே அழுத்தமான காற்றை அனுப்பினால், எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் பிடிக்கும். ஆனால், குழாய் உடைந்தால்? அவ்வளவுதான், பிரேக்கே இருக்காது!

ஜார்ஜ் விடவில்லை. 1872-ல் புதிய முறையைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு காற்றுத் தொட்டி. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் ஒரு வால்வு திறக்கும். தொட்டியிலுள்ள காற்று பாய்ந்து பிரேக்கை அழுத்தும். ஓடும்போது பெட்டி கழன்றாலும் குழாய் அறுந்து, ரயில் தானாக நின்றுவிடும்!

1893-ல் அமெரிக்கா ரயில்களுக்குக் காற்று பிரேக்கைச் சட்டமாக்கியது. மாறுதிசை மின்சாரம் பரவவும் பாடுபட்ட ஜார்ஜ், 1914-ல் காலமானார். ரயில் நிலையத்தில் 'புஸ்'ஸென்று கேட்கிறதே, அது பிரேக் காற்றின் சத்தம்தான்.