எண்ணிக் கண்ட உண்மை

இக்னாஸ் செம்மல்வைஸ் 1818 ஆம் ஆண்டு அங்கேரியின் பூடா நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்று, 1846 இல் வியன்னா பொது மருத்துவமனையில் பணியேற்றார்.

அங்கே இரண்டு மகப்பேற்றுக் கூடங்கள் இருந்தன. முதற்கூடத்தில் மருத்துவர்களும் மாணவர்களும், இரண்டாம் கூடத்தில் மருத்துவச்சிகளும் பணிபுரிந்தனர். மகப்பேற்றுக் காய்ச்சலால் முதற்கூடத்திலேயே தாய்மார் மிகுதியாக இறந்தனர். அங்கே சேர்க்க வேண்டா எனப் பெண்கள் கெஞ்சி அழுதனர்.

செம்மல்வைஸ் இருகூடங்களின் இறப்புக் கணக்கையும் ஒப்பிட்டார். தட்பவெப்பம் இரண்டிற்கும் ஒன்றே. நெரிசலோ இரண்டாம் கூடத்தில்தான் மிகுதி. எனவே அவை காரணமல்ல எனத் தெளிந்தார். 1847 இல் அவருடைய நண்பர் கொலெட்ச்கா, பிணஆய்வின்போது விரலில் கத்தி பட்டு இறந்தார். அவருடலிலும் அந்நோயின் அடையாளங்களே காணப்பட்டன. பிணஆய்வு செய்த கைகளே தாய்மாருக்கு நோயைக் கொண்டு சென்றன எனச் செம்மல்வைஸ் உணர்ந்தார்.

அவ்வாண்டு மே மாதம் முதல், சலவைத்தூள் கரைத்த நீரில் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது.

ஆயினும், தம் கைகளே நோய் பரப்பின என்பதை மருத்துவர் பலர் ஏற்கவில்லை. 1865 இல் மனநலக் காப்பகம் ஒன்றில், புண் சீழ்பிடித்து அவர் இறந்தார். பின்வந்த கிருமியியல் அவர் கண்டதை மெய்ப்பித்தது.

இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், மருத்துவமனையில் சேர்ந்தபின் எத்தனை பேருக்குத் தொற்று ஏற்பட்டது எனக் கணக்கெடுத்துக் காரணம் தேடுகின்றனர். செம்மல்வைஸ் அவ்வழியின் முன்னோடி ஆவார்.

சிந்தித்து எழுதுக: இரு கூடங்களையும் ஒப்பிட்டதால் செம்மல்வைஸ் எவற்றைக் காரணமல்ல என விலக்கினார்?